சட்டமன்ற உறுப்பினரின் அறிக்கையும் நம் வீட்டு அலமாரியும்

 

சில காலத்துக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசல் வாயிலில் இரண்டு இளைஞர்கள் நின்றுகொண்டு, நான்கு பக்க அச்சறிக்கை ஒன்றை வருவோர் போவோர் கையிலெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தனர். எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், ஓராண்டில் தாம் ஆற்றிய பணிகளையும், மக்களுக்கென அரசு வைத்திருக்கும் திட்டங்களையும் தொகுத்து வெளியிட்ட அறிக்கை அது. வாங்கியவர்களுள் சிலர் மடித்துச் சட்டைப்பையில் வைத்தனர். சிலர் விசிறியாக்கிக்கொண்டனர். ஹவுளின் விளிம்பில் நான்கைந்து அறிக்கைகள் நனைந்து கிடந்தன. அன்று மாலை தெருமுனைக் கடையில் எனக்குக் கிடைத்த வடையும் அதே அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில்தான் பொதியப்பட்டிருந்தது!

எண்ணெய் ஊறிய அந்தப் பக்கத்தைப் பிரித்துப் படித்தபோதுதான் என் உள்ளம் துணுக்குற்றது. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களைப் பற்றியும், ஆதரவற்ற விதவையர் உதவித்தொகையைப் பற்றியும் அதில் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பத்து வரிகளை உரிய காலத்தில் எவரேனும் படித்துச் சொல்லியிருந்தால், எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தின் நிலை வேறாக இருந்திருக்கும்.

அந்தக் குடும்பத் தலைவர் ஒரு தையற்காரர். நாற்பத்தாறு வயது. ஒரு நாள் சுப்ஹு வேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் முன்னரே வீட்டிலேயே மௌத்தாகிவிட்டார். அன்று அஸருக்குள் அடக்கம் நடந்தது. ஜமாஅத்தின் மௌத்துப் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டது. அவருடைய துணைவியார் இத்தாவில் அமர்ந்தார். நான்கு மாதமும் பத்து நாட்களும் கழிந்த பின்னர், தம் பதினான்கு வயது மகனை உடன் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதனுள்ளே ரேஷன் அட்டை, ஆதார் அட்டைகள், மகளின் பள்ளிச் சான்றிதழ், கணவரின் வாக்காளர் அட்டை ஆகியவற்றோடு, தையல் தொழிலாளர் நல வாரியத்தின் அட்டை ஒன்றும் இருந்தது.

“காக்கா, இதுக்கு ஏதாச்சும் பணம் வருமாண்டு பாத்துச் சொல்லுங்களேன். புள்ளைய படிப்ப நிறுத்திடச் சொல்றாஹ” என்றார்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். புதுப்பிக்க வேண்டிய நாள் கடந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். ஜமாஅத்தில்தான் எழுதியிருக்கிறார்களே என்றார். நான் என்ன சொல்வேன்?

இருபத்தொரு நாட்களும் இத்தாவும்

வாசகர்களே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, ஓர் இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். மருத்துவமனையில் நேர்ந்த இறப்பெனில் மருத்துவமனையே தகவல் தந்துவிடும். வீட்டில் நேர்ந்த இறப்பெனில் அக்கடமை வீட்டாரைச் சார்ந்தது. 21 நாட்கள் கடந்து 30 நாட்களுக்குள் சென்றால் காலதாமதக் கட்டணத்தோடு முடியும். 30 நாட்களைத் தாண்டி ஓராண்டுக்குள் சென்றால் உரிய அலுவலரின் எழுத்து மூலமான அனுமதியும் உறுதிமொழி ஆவணமும் வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் நடுவரின் ஆணை பெற்றாக வேண்டும்.

இத்தாவின் காலமோ நான்கு மாதமும் பத்து நாட்களும். துயருற்ற அப்பெண்மணி வீட்டினுள் அமர்ந்திருக்கும் காலத்திலேயே சட்டம் தந்த தவணை முடிந்துபோகிறது. அவரே நேரில் சென்று பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குடும்பத்தில் வயது வந்த உறவினர் எவரும் சென்று தகவல் தரலாம். எனினும் நம் தெருக்களில் நடப்பது என்ன? கத்தம் ஓதுவதற்கும், பாத்திஹாவுக்கும், வந்தவர்களுக்கு உணவளிப்பதற்கும் ஆள் இருக்கிறது. பதிவு அலுவலகத்துக்குச் சென்று ஒரு படிவத்தை நிரப்புவதற்கு மட்டும் ஆளில்லை.

இறப்புச் சான்றிதழ் இல்லையேல் விதவை உதவித்தொகை இல்லை. வாரிசுச் சான்றிதழ் இல்லை. வங்கியில் உள்ள சிறு தொகையும் கைக்கு வாராது. ஜமாஅத்துப் பதிவேடு நமக்கு மதிப்புடையதே. ஆயினும் அரசு அலுவலகத்தில் அது இறப்புச் சான்றிதழுக்கு ஈடாகாது.

அறிக்கையை எவ்வாறு படிப்பது?

இனி அந்த அச்சறிக்கைக்கு வருவோம். சட்டமன்ற உறுப்பினர் வெளியிடும் அறிக்கை என்றால் அது கட்சி விளம்பரம் என்று தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. விளம்பரமும் அதில் இருக்கும்தான். ஆனால் உமியை ஊதிவிட்டால் உள்ளே அரிசி இருக்கிறது.

தமிழகச் சட்டமன்றப் பேரவைக்கு 234 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று உண்டு. 2019-ஆம் ஆண்டில் அது ஆண்டுக்கு இரண்டரைக் கோடி ரூபாயிலிருந்து 3 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெருந்தொகை போலத் தோன்றுகிறதல்லவா? ஒரு தொகுதியில் சராசரியாக இரண்டே முக்கால் லட்சம் வாக்காளர்கள் என்று வைத்துக் கணக்கிட்டால், தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 110 ரூபாய்தான் வருகிறது.

இந்த நிதி உறுப்பினரின் கைக்கு ரொக்கமாக வருவதன்று. இன்ன ஊரில் பள்ளிக்கு வகுப்பறை, இன்ன தெருவுக்குக் குடிநீர்க் குழாய், இன்ன இடத்தில் நியாயவிலைக் கடைக்குக் கட்டடம் என்று அவர் பரிந்துரைப்பார். மாவட்ட நிர்வாகம் அதனை ஆராய்ந்து, மதிப்பீடு தயாரித்து, நிர்வாக அனுமதி வழங்கி, உரிய துறையின் மூலம் வேலையை நிறைவேற்றும். பொதுமக்கள் அனைவருக்கும் பயன்படும் நிலையான சொத்துகளை உருவாக்குவதே இதன் நோக்கம். வழிபாட்டுத் தலங்களுக்கும் தனியார் சொத்துகளுக்கும் இதிலிருந்து செலவிட இயலாது. எனவே, “பள்ளிவாசலுக்கு மினாரா கட்ட எம்.எல்.ஏ. நிதி கேட்டோம், தரவில்லை” என்று குறைப்பட்டுக்கொள்வதில் பொருளில்லை. அந்தப் பள்ளிவாசல் அமைந்துள்ள தெருவுக்கு வடிகாலும் விளக்கும் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடும்.

அறிக்கையில் ஒரு பணியின் பெயரைக் கண்டால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இது பரிந்துரைக்கப்பட்டதா? நிர்வாக அனுமதி பெற்றதா? முடிந்து பயன்பாட்டுக்கு வந்ததா? பல அறிக்கைகளில் இம்மூன்றும் ஒரே பட்டியலில் கலந்திருக்கும். பரிந்துரைக்கப்பட்ட மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீரும் பிடிக்க முடியாது!

கேட்பதற்கு வேறு வாயில்கள்

தொகுதி நிதி சிறியது. துறைகளின் வழியே வரும் நிதிதான் பெரியது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து, பாசனம் ஆகிய அனைத்துக்குமான மானியக் கோரிக்கைகள் சட்டமன்றத்தில் விவாதிக்கப்பட்டு நிறைவேறுகின்றன. அங்கே எழுந்து, எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவர் இல்லை என்று உங்கள் உறுப்பினர் பேசினால், அமைச்சர் விடை சொல்லக் கடமைப்பட்டவராகிறார். ஆகவே உறுப்பினரைச் சந்திக்கும்போது, நிதி கேட்பதோடு நின்றுவிடாமல், “எங்களுக்காக இந்த வினாவை எழுப்புங்கள்” என்றும் கேளுங்கள். 2022 ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர், தொகுதியில் நெடுநாள் தீராத பத்துக் கோரிக்கைகளை முன்னுரிமைப்படுத்தித் தருமாறு எல்லா உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார். அந்தப் பத்தினுள் ஒன்றேனும் நம் மஹல்லாவிலிருந்து சென்றதா என்று எத்தனை ஜமாஅத்துகள் விசாரித்தன?

பேரவையில் மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு என்பதும் பலர் அறியாத செய்தி. நீண்ட நாள் தீராத பொதுப் பிரச்சினையைக் குறித்து எந்தக் குடிமகனும் அக்குழுவுக்கு மனு அனுப்பலாம். மாவட்டங்களுக்கு நேரில் சென்றும் அக்குழு ஆய்வு செய்கிறது. ஒரு மனுவில் ஒரே பிரச்சினைதான் இருத்தல் வேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கும், வேலை கேட்கும் விண்ணப்பமும் ஏற்கப்படமாட்டா.

தனிப்பட்ட குறைகளுக்குத் திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர் நாள் இருக்கிறது. வருவாய்க் கணக்கு, பட்டா ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடைபெறுகிறது. எங்கே மனுக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டைப் பெறாமல் திரும்பாதீர்கள். விடை வாராவிடில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில், என் மனு இன்று எந்த அலுவலரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும் என்பது சட்டம்.

நம் வீடுகளுக்கு உரியவை

சிறுபான்மையினருக்கென உள்ள திட்டங்களைப் பற்றியும் அவ்வறிக்கை பேசியது. அவற்றுள் சிலவற்றை மட்டும் எடுத்துரைக்கிறேன்.

முதலாவது, சாதிச் சான்றிதழ். தமிழகத்தில் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசுப் பணியிலும் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு கிடைத்தது. அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (இராவுத்தரும் மரைக்காயரும் இதனுள் அடங்குவர்), மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய பிரிவினர் இதற்கு உரியவர்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘இஸ்லாம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த உரிமை கிடைக்காது. வருவாய்த் துறையிடம் முறையான சான்றிதழ் பெற்றாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த பிறகு இதற்காக ஓடுவோர் ஆண்டுதோறும் பலர். எட்டாம் வகுப்பிலேயே வாங்கி வைத்துவிட்டால் என்ன?

இரண்டாவது, நம் பள்ளிவாசல் ஊழியர்கள். உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் 2009-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. பள்ளிவாசல், மதரஸா, தர்கா, கபர்ஸ்தான் ஆகியவற்றில் பணியாற்றுவோர் உறுப்பினராகலாம். இமாமும், மோதினாரும், குழி வெட்டும் பெரியவரும் இதில் அடக்கம். இயற்கை மரணத்துக்கும் விபத்துக்கும் உதவி, பிள்ளைகளின் கல்விக்கு உதவி என்று பல பயன்கள் அதில் உண்டு. ஐவேளையும் நம்மைத் தொழுகைக்கு அழைக்கும் மோதினாருக்கு அந்த அட்டை இருக்கிறதா என்று உங்கள் நிர்வாகிகளை இந்த வாரமே கேளுங்கள்.

மூன்றாவது, முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம். மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்டு மாவட்ட அளவில் இது இயங்குகிறது. ஆதரவற்றோர், விதவையர், மணவிலக்குப் பெற்றோர் ஆகிய முஸ்லிம் பெண்களுக்குச் சிறு தொழில் செய்ய உதவுவது இதன் பணி. இதில் ஒரு சிறப்பு உண்டு. சங்கம் நன்கொடையாகத் திரட்டும் தொகைக்கு அரசு இணை மானியம் தருகிறது. ஊர்ச் செல்வந்தர் ஒருவர் கொடுக்கும் ஒரு தையல் இயந்திரத்தின் விலை, இச்சங்கத்தின் வழியே சென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட இயந்திரங்களாகக்கூடும். நன்கொடை திரளாத மாவட்டத்தில் அரசின் மானியமும் வந்து சேராது. நாம் கொடுக்காததால் அரசும் கொடுக்காமற்போகும் நிலையை என்னென்பது!

நான்காவது, 1999-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கடன்கள். இவை திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்கள், கொடையல்ல. குறைந்த அளவிலேனும் வட்டி உண்டு என்பதால் நம்மவர் பலர் தயங்குகின்றனர். அதை அவரவர் நம்பும் மார்க்க அறிஞரிடம் கேட்டுத் தெளிதல் நன்று. வாங்குவோர் தவணையைத் தவறவிடலாகாது. ஒருவர் செலுத்தாவிடில், அடுத்து வரும் பத்துப் பேருக்கு அந்த வாயில் குறுகிவிடும்.

இவையன்றி, அனைத்து மக்களுக்குமான திட்டங்கள் நமக்கும் உரியவையே. தோல் பதனிடுவோர், ஆட்டோ ஓட்டுநர், சாலையோர வணிகர், தையற்காரர், கட்டடத் தொழிலாளர் ஆகிய பலருக்கும் தனித்தனி நல வாரியங்கள் உண்டு. கட்டடத் தொழிலாளர் வாரியம் 1994-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. பதிவு செய்தால் மட்டும் போதாது, உரிய காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அவர்கள் அணுகலாம்.

பழைய அறிக்கையை நம்ப வேண்டாம்

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். திட்டங்கள் மாறும், பெயர்கள் மாறும், சில நின்றும்போகும். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவருக்கு வழங்கப்பட்டுவந்த மத்திய அரசின் உதவித்தொகை 2022 நவம்பரில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகும், “வாங்கித் தருகிறேன்” என்று சொல்லி ஏழைத் தாய்மாரிடம் இருநூறும் முந்நூறும் கறந்த இடைத்தரகர்களை நான் கண்டிருக்கிறேன். ஐயம் தோன்றினால் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரிடம் நேரில் கேளுங்கள். உதவித்தொகை பெற்றுத் தருவதாகச் சொல்லி எவரேனும் பணம் கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

அலமாரியைத் திறந்து பாருங்கள்

சகோதரிகளே! இதுவரை சொன்னவை அனைத்துக்கும் திறவுகோல் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இன்றிரவு இஷாவுக்குப் பின் ஓர் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லா ஆவணங்களையும் பாயில் பரப்பி வையுங்கள். ஒரே மனிதரின் பெயர் ஓர் அட்டையில் காதர் மைதீன் என்றும், மற்றொன்றில் காதர் முகைதீன் என்றும், வேறொன்றில் அப்துல் காதர் என்றும் இருக்கும். நமக்கு மூன்றும் ஒருவரே. அலுவலகத்தின் கணிப்பொறிக்கோ மூவர்! அவற்றை அமைதியான காலத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள். மருத்துவமனை வாசலிலும் மையித்து வீட்டிலும் திருத்த முடியாது.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் சூட்டுவதற்கு முன்பே பதிவு செய்யப்பட்டதால் பலருடைய சான்றிதழில் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டுமே இருக்கும். 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின் 15 ஆண்டுகள் வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அதன்பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆதாரம்.

நல வாரிய அட்டையும் காப்பீட்டு அட்டையும் காலாவதியாகும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கணவர், மனைவி, மூத்த பிள்ளை ஆகிய மூவரும் அறிந்திருக்கட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முன்றிலில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போதும். படித்த இளைஞர் ஒருவர் அமரட்டும். பெண்களுக்காக, பட்டம் பெற்ற நம் பெண்மக்களுள் ஒருவர் தம் வீட்டில் அமரட்டும். மஹல்லாவில் ஒரு மௌத்து நிகழ்ந்தால், கபன் துணி வாங்க ஒருவரை அனுப்புவதுபோல, மூன்றாம் நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்யவும் ஒருவரை நியமியுங்கள். இது எவ்வளவு எளிய பணி! ஆனால் ஒரு விதவையின் சுமை எவ்வளவு குறையும்!

கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள், அரசாங்க அலுவல் முடிந்து சொந்தப் பேச்சு தொடங்கியதும் அரசாங்க எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுத் தம் விளக்கை ஏற்றினார் என்று வரலாறு கூறும். பொதுப்பணத்தை ஆள்வோர் அமானிதமாகக் காக்க வேண்டும் என்பதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். அந்த அமானிதத்தில் நம் பங்கு எதுவென்று கேட்டறிவதும், தகுதியில்லாதபோது கேளாதிருப்பதும், பக்கத்து வீட்டாருக்கு உரியதை அவருக்கு எட்டச் செய்வதும் நம் கடமையல்லவா?

அந்தத் தையற்காரரின் துணைவியாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அனுமதி பெற்று, காலதாமதக் கட்டணம் செலுத்தி, இறப்பைப் பதிவு செய்தோம். பின்னர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பல முறை நடந்து, விதவை உதவித்தொகைக்கான ஆணையும் கிடைத்தது. அட்டை காலாவதியானதால் வாரியத்தின் உதவி மட்டும் கிட்டவில்லை. மகன் பள்ளிக்குச் செல்கிறான். மாலையில் வாப்பாவின் தையல் இயந்திரத்தில் உம்மாவுக்கு உதவுகிறான்.

அந்த வடை பொதிந்த காகிதத்தை நான் எறிந்துவிடவில்லை. வேறொரு நல்ல பிரதியைத் தேடி வாங்கி, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்திருக்கிறேன். அடுத்த முறை உங்கள் கையில் அப்படி ஓர் அறிக்கை வந்தால், விசிறுவதற்கு முன்னர் ஒரு முறை படித்துவிடுங்கள். உங்களுக்குத் தேவைப்படாத வரி அடுத்த வீட்டாருக்குத் தேவைப்படலாம்.